முகமூடியில் வைத்த பொட்டு

என் மனுசனைக் கோமாளியாக்குவதற்கு நாள் குறித்தாயிற்று. ஜூன் மாதத்து ஞாயிறு ஒன்றில், பின்னேரம், சுவிசில் நாங்கள் இருக்கிற ஊஸ்டர் மைதானத்தில், ஊர் முழுக்கக் கூடியிருக்கும்போது. நாள் குறித்தவர்கள் ஊஸ்டர் ஹெரன்ஸ் என்ற பேஸ்போல் கழகத்துக்காரர்கள். சிரித்த முகத்தோடு சம்மதம் சொன்னவர் என் கணவர் தவராஜாவேதான்.

ஹெரன் என்றால் இங்கே ஏரிக்கரையில் மணிக்கணக்காக ஆடாமல் அசையாமல் நிற்கும் சாம்பல் நிறக் கொக்கு. தங்கள் அணிக்கு அப்படியொரு பறவையின் பெயரை வைத்துக்கொண்டு, ஒருநாள் ஒரு கணம் அசையாமல் நின்ற மனிதனைப் பார்த்து இத்தனை வருடமாகச் சிரிக்கிறார்கள். வெட்கம் கெட்டவர்கள்.

சித்திரையில் ரேட்டோ தொலைபேசி எடுத்தான். இப்போது அவன் கழகத்தின் தலைவன். அந்தக் காலத்தில் அணிக்குப் பந்து எறிபவன். கழகத்துக்கு நாற்பது வயதாகிறதாம், யூபிலேயும் என்று பெரிய விழா வைக்கிறார்களாம், பழைய ஆட்டக்காரர்களை வைத்து ஒரு சின்ன நாடகமும் உண்டாம். நாடகம் என்னவென்றால், இவர் மட்டையோடு வர வேண்டும். ரேட்டோ மெதுவாக எறிவான். இவர் பந்தை அடித்துவிட்டு, ஓடாமல் நின்று, ஒரு கையை உயர்த்தி ‘நோ!’ என்று கத்த வேண்டும். கூட்டமும் சேர்ந்து கத்தும். சனம் விழுந்து விழுந்து சிரிக்கும் என்றான். தொலைபேசி ஒலிபெருக்கியில் இருந்ததால் எல்லாம் எனக்குக் கேட்டது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். இவர் ‘யா, யா, கேர்ன்’ என்று அவன் பாசையிலேயே சம்மதம் சொல்லிச் சந்தோசமாய்த் தலையாட்டியதைக் கண்டதும் கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். அந்த நேரம் கையில் கத்தி இருப்பது நல்லதில்லை.

பேஸ்போல் தெரியாதவர்களுக்கு இந்தப் பகிடி விளங்காது, ஆகவே சொல்கிறேன். நாங்கள் யாழ்ப்பாணத்தில் கிரிக்கெட்டோடு வளர்ந்தவர்கள். கிரிக்கெட்டில் பந்தை அடித்தால் ஓடியே ஆக வேண்டும் என்றில்லை. அடித்தவன் பந்து போகிற திசையைப் பார்த்து, ஓட்டம் இல்லையென்று தெரிந்தால், கையை உயர்த்தி ‘நோ’ என்று எதிரே நிற்பவனை நிறுத்துவான். அது பொறுப்பான ஆட்டக்காரன் செய்கிற வேலை. பேஸ்போலில் அந்தக் கதையே இல்லை. அடித்த பந்து கோட்டுக்குள்ளே விழுந்தால் யோசிக்காமல் மட்டையைப் போட்டுவிட்டு முதல் பேஸ் என்கிற அடுத்த மூலைக்குப் பாய வேண்டும்.

1997ஆம் ஆண்டு, மேற்பிரிவுக்கு ஏறுவதற்கான கடைசி ஆட்டம். கடைசிச் சுற்று, இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் முடிந்தது. எங்கள் அணி ஒரேயொரு ஓட்டம் பின்னால் நிற்கிறது. மூன்றாவது பேஸில் எங்கள் ஆள் ஒருவன் ஓடி வரத் தயாராய் நிற்கிறான். இவர் அடித்தார். பந்து புல்லில் மெல்ல உருண்டு போனது. ஓடியிருந்தால் கட்டாயம் சேர்ந்திருப்பார். ஆனால் மானிப்பாயில் பள்ளிக்கூட அணிக்கு விக்கெட் காப்பாளராக நின்ற காலத்து உடம்பு அந்த நேரம் பார்த்து எழும்பி வந்துவிட்டது. நின்ற இடத்தில் நின்றபடியே கையை உயர்த்தி, மூன்றாவது பேஸில் நின்றவனைப் பார்த்து, ‘நோ!’ என்று கத்தினார். அவனும் திகைத்துப்போய் நின்றுவிட்டான். எதிரணிக்காரன் ஆறுதலாக வந்து பந்தை எடுத்து முதல் பேஸுக்கு எறிந்தான். இவர் ஆட்டமிழந்தார், அத்தோடு எல்லாம் முடிந்தது.

பிழைதான். இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. பார்வையாளர் வாங்கில் இருந்தபடி என் தலையில் நானே அடித்துக்கொண்டேன். ஒரு கிழமை அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவும் இல்லை.

ஆனால் அந்த ஒரு ஓட்டம் எப்படிப் பின்னால் போனதென்று யாராவது கேட்டார்களா? அதே ஆட்டத்தில் ரேட்டோ கண்டபாட்டுக்கு எறிந்து, எதிரணிக்காரரை ஒருவர் பின் ஒருவராகச் சும்மாவே முதல் பேஸுக்கு நடக்க விட்டான். இடப்பக்கம் நின்ற வங்கிக்காரன் கைக்குள் வந்து விழுந்த பந்தை, சூரியன் கண்ணில் குத்தியது என்று சொல்லி நிலத்தில் போட்டான். அவை ஆட்டத்தில் நடக்கிற பிழைகள். அடுத்த கிழமையே மறந்துபோனார்கள். இவருடைய பிழைக்கு மட்டும் ஒரு நாடு இருந்தது. தமிழனைத் தவிர வேறு எவனும் அப்படியொரு பிழை விடமாட்டான் என்பதால் அது கதையாயிற்று, கதை பகிடியாயிற்று, பகிடி கடைசியில் ஒரு சொல்லாகவே போயிற்று.

அந்தச் சொல்லை என் காதால் கேட்டேன். நான் ஸ்பிற்றெக்ஸில், வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிற வேலை செய்கிறேன். போன இலையுதிர் காலத்தில் வேலை முடிந்து மைதானத்து ஓரமாய்ச் சைக்கிளில் வந்தபோது சின்னப் பிள்ளைகளுக்குப் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. ஒரு பெண்பிள்ளை பந்தை அடித்துவிட்டு, அடித்துவிட்டேனே என்ற அதிசயத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். ‘தாவா செய்யாதே, ஓடு!’ என்று பயிற்சியாளன் கத்தினான். அவனுக்கு இருபது வயதுகூட இராது. தவராஜா என்ற பெயர் இவர்கள் வாயில் தாவா. தாவா என்பது ஒரு மனிதன் என்று அவனுக்கே தெரியுமோ என்னவோ. அந்த மனிதன் அதே நேரத்தில், இரண்டு பஸ் தரிப்புத் தள்ளி, முதியோர் இல்லத்துச் சமையலறையில் இரவுச் சாப்பாட்டுக்கு சூப் கிண்டிக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்ததும் இதைச் சொன்னேன். தன் பெயர் ஊரில் நிலைத்துவிட்டது பாருமென்று சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர்கள் மறந்ததையெல்லாம் நான் மறக்கவில்லை. மறக்கிற ஆள் நானில்லை.

1993இல் இவர் ஊஸ்டரில் அகதி முகாமில் இருந்தார். வேலை செய்ய அனுமதி இல்லை. விடிந்தால் பொழுதுபடுமட்டும் சும்மா இருக்க வேண்டும். முகாமின் வேலிக்கு அந்தப் பக்கம் மைதானம். ஒருநாள் வேலி தாண்டி வந்த பந்தை இவர் வெறுங்கையால் பிடித்துத் திருப்பி எறிந்தார். கிரிக்கெட் ஆடியவனுக்கு இதெல்லாம் ஒரு விசயமா? ஆனால் கையுறை போட்டுக்கொண்டே பந்தைத் தவறவிடுகிற கூட்டம் அது. அதிசயப்பட்டு உள்ளே கூப்பிட்டார்கள். அவர்களுக்குக் கட்சர் இல்லை. கட்சர் என்பவர், அடிப்பவனுக்குப் பின்னால் குந்தியிருந்து, எறிகிற பந்து ஒவ்வொன்றையும் பிடிப்பவர். முகத்துக்குக் கம்பி முகமூடி, நெஞ்சுக்குக் கவசம். குந்திக் குந்தி எழும்புகிற முழங்காலின் தேய்மானத்துக்கு மட்டும் ஒரு கவசமும் இல்லை. சுவிஸ்காரர் எவருக்கும் அந்த இடம் வேண்டாம். அவ்வளவு நேரம் குந்தியிருக்க அவர்களுடைய உடம்பு இடம் கொடுக்காது. இவர் ஒன்பது வருடம் குந்தினார்.

ரேட்டோ வேகமாக எறிவான். ஆனால் எங்கே எறிகிறான் என்று அவனுக்கே தெரியாது. அவன் நிலத்தில் குத்திய பந்துகளையெல்லாம் நெஞ்சைக் கொடுத்து மறித்தவர் இவர். ஒருமுறை விரல் முறிந்தது. பக்கத்து விரலோடு சேர்த்துத் துணியால் கட்டிக்கொண்டு அடுத்த ஞாயிறும் போய்க் குந்தினார். அந்த வருடம் சிறந்த ஆட்டக்காரன் என்று ரேட்டோவுக்குக் கிண்ணம் கொடுத்தார்கள். எறிந்தவனுக்குக் கிண்ணம், பிடித்தவருக்கு விரலில் ஒரு கோணல்.

இவர் மட்டுமில்லை. மைதானத்தின் கடைசிப் புல்லில் சிவநேசன் நின்றான். பருத்தித்துறைப் பெடியன், ஒல்லி, கதையும் குறைவு. அங்கிருந்து அவன் எறிந்தால் பந்து நிலத்தில் படாமல் நேரே இவருடைய கையுறைக்குள் வந்து இறங்கும். ஓடி வந்தவன் தான் ஆட்டமிழந்ததை நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போவான். ஹான்ஸ்பீட்டர் என்று ஒரு தபால்காரர் இருந்தார். அவருக்கு மட்டை பிடிக்கவே தெரியாது. ஆனால் எறிந்த பந்து உடம்பில் பட்டால் முதல் பேஸ் இலவசம் என்பது தெரியும். தோளைக் கொடுத்துக் கொடுத்தே அணிக்கு எத்தனையோ ஓட்டம் வாங்கித் தந்தார். திங்கட்கிழமை காலையில் கன்றிப்போன அந்தத் தோளிலேயே தபால் பையைக் கொழுவிக்கொண்டு எங்கள் தெருவில் வருவார். மனுசன் செத்தபோது கழகத்திலிருந்து ஒரு மலர்வளையம்கூட வரவில்லை. கழகத்தின் பக்கமிருந்து செத்த வீட்டுக்குப் போனவர்கள் நானும் இவரும்தான்.

கொன்ஸ்டன்ஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1996இல் எல்லைக்கு அப்பால், ஜெர்மனியில், ஒரு கிண்ணப் போட்டி. ஹெரன்ஸ் இந்த நாற்பது வருடத்தில் வென்ற ஒரே கிண்ணம் அதுதான். அந்தப் போட்டிக்குத் தகுதி பெற்ற ஆட்டங்களிலெல்லாம் இவரும் சிவநேசனும் ஆடினார்கள். ஆனால் அகதி அவுஸ்வைஸ் என்கிற அடையாள அட்டை வைத்திருப்பவன் நாட்டை விட்டு வெளியே கால் வைக்கக்கூடாது. கொன்ஸ்டன்ஸ் ஒன்றும் கடல் தாண்டி இல்லை. எல்லைக்கு இந்தப் பக்கம் கிரொய்ட்ஸ்லிங்கனில் ரயிலால் இறங்கி நடந்தால் வந்துவிடும். நடுவில் ஒரு வேலி, அவ்வளவுதான். இரண்டு பேரும் அணியோடு வேலி வரைக்கும் போனார்கள். அங்கே வைத்து இவர் தன் கம்பி முகமூடியை இரண்டாவது கட்சரிடம் கொடுத்தார். பிறகு வேலியடியில் ஒரு வாங்கில் இருந்து, நான் கட்டிக் கொடுத்த ரோல்ஸைச் சாப்பிட்டுக்கொண்டு, அந்தப் பக்கத்துச் சத்தத்தை வைத்து யார் வெல்கிறார்களென்று ஊகித்துக்கொண்டிருந்தார்கள். வென்ற படத்தை அந்தப் பக்கத்திலேயே எடுத்தாயிற்று. படத்தில் இவர்கள் இல்லை. வென்றவர்கள் என்றால் படத்தில் இருப்பவர்கள் என்றாகிவிட்டது.

படத்தில் முகமூடி மட்டும் இருந்தது. முன்வரிசையில், கிண்ணத்துக்குப் பக்கத்தில். நெற்றியில் சிவப்புப் பொட்டோடு.

பொட்டு வைத்தவள் நான். சரஸ்வதி பூசைக்குப் பிள்ளைகளின் புத்தகத்தையும் அவரவர் தொழில் சாமானையும் சாமிக்கு முன்னால் வைப்பது எங்கள் வழக்கம். நான் சுவிசுக்கு வந்த முதல் வருடம் எங்களுக்குப் பிள்ளையும் இல்லை, புத்தகமும் இல்லை. வேலைக்கே அனுமதி இல்லாத வீட்டில் தொழில் சாமானுக்கு எங்கே போக? இவரிடம் இருந்தது இந்த முகமூடி ஒன்றுதான். அதைத் துடைத்துச் சாமிக்கு முன்னால் வைத்து, நெற்றிப் பட்டியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். வியர்வையில் அழிந்து போகிறது என்று பிறகு சிவப்பு நகப்பூச்சாலேயே வைத்துவிட்டேன். ஆட்டத்தை விட்டபோது இவர் அதைக் கழகத்திலேயே விட்டுவிட்டு வந்தார். அடுத்தவனுக்கு உதவுமாம்.

இப்படிப்பட்டவரைத்தான் மேடையேற்றிச் சிரிக்கப் போகிறார்கள். போகக்கூடாது என்று நான் ஒற்றைக்காலில் நின்றேன். இவர் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்:

“சும்மா ஒரு பகிடிதானே கலா. சிரிச்சிட்டுப் போகட்டும்.”

“ஆரைப் பாத்துச் சிரிக்கினம்?”

இவர் கோப்பையில் விரலால் கோடு கீறிக்கொண்டிருந்தார்.

“நான் போகாட்டி வேற ஒருத்தன் என்னை மாதிரி நடிப்பான். முகத்துக்குக் கறுப்பும் பூசுவான். அதைவிட நானே போறது நல்லம்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. இத்தனை வருடம் இவர் சிரித்தது பகிடி பிடித்துப்போய் இல்லை. அது விளங்கியதும் என் கோபம் குறையும் என்று பார்த்தால், இரண்டு மடங்காயிற்று.

மகள் கோபிஷாவிடம் சொன்னேன். சூரிச்சில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை. தன் சிநேகிதிகளையும் கூட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னாள். அப்பா கழகத்தில் ஒரு லெஜண்டாம், நான்தான் எதையும் பெரிதாக எடுக்கிறேனாம். லெஜண்டின் படம் ஒன்று கழகத்துச் சுவரில் இருந்தால் காட்டு பார்ப்போம் என்றேன். வேலை இருக்கிறது என்று தொலைபேசியை வைத்துவிட்டாள். பிறகு சிவநேசனுக்கு எடுத்தேன். அவன் இப்போது லோசானில், ஆஸ்பத்திரியில் வேலை. யூபிலேயத்துக்கு வருவாயோ என்று கேட்டேன்.

“என்னை ஒருத்தரும் கூப்பிடேல்லை அக்கா” என்றான். “அண்ணைக்காவது பகிடியிலை ஒரு இடம் இருக்கு.”

அவன் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் நாள் முழுக்க அந்த வார்த்தை நெஞ்சுக்குள் நின்று குத்தியது.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. வரமாட்டேன் என்று சொல்லியிருந்தவள் இவருக்கு முன்னமே வெளிக்கிட்டு வாசலில் நின்றேன். தனியே விட மனம் வரவில்லை. நல்ல வெயில். மைதானத்தில் பியர் மணமும் செர்வலா சொசேஜ் வாட்டுகிற புகையும். கழகக் கட்டடத்தின் உள்ளே நாற்பது வருடத்துப் படங்களைச் சுவர் நிறைய ஒட்டியிருந்தார்கள். ஒரேயொரு கோடை மட்டும் ஆடிவிட்டுப் போன கனடாக்காரனுக்கு ஒரு சுவர் முழுக்கக் கொடுத்திருந்தார்கள். தபால்காரர் இல்லை. சிவநேசன் இல்லை. இவரைத் தேடினேன். ஒரு படத்தில், யாரோ ஒருவனின் பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால், பாதித் தலை தெரிந்தது.

மூலையில் ஒரு கண்ணாடி அலுமாரி. கொன்ஸ்டன்ஸ் கிண்ணம், பழைய பந்து ஒன்று, பக்கத்தில் அந்தக் கம்பி முகமூடி. கீழே சின்ன அட்டையில் ‘கட்சர் முகமூடி, தொண்ணூறுகள்’ என்று அடித்து ஒட்டியிருந்தது. கனடாக்காரன் கடித்து வைத்த பென்சிலாக இருந்திருந்தால்கூடப் பெயரோடு வைத்திருப்பார்கள். இவர் அலுமாரிக்கு முன்னால் நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றது தெரிந்தும் திரும்பவில்லை.

“உம்மட பொட்டு அழியேல்லை” என்றார்.

காலையிலிருந்து முகத்தில் ஒட்டிவைத்திருந்த சிரிப்பு போய்விட்டிருந்தது.

ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். அறிவிப்பாளன் 1997ஆம் ஆண்டுக் கதையை நன்றாக உப்புப் புளி போட்டுச் சொன்னான். ‘நோ!’ என்ற இடம் வந்ததும் எல்லாரும் கையை உயர்த்திக் கத்தினார்கள், குழந்தைகளும் கத்தினார்கள். எனக்கு முன்னால் இருந்த பெண் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். இவர் மட்டையோடு மெல்ல நடந்து வந்தார். ஏற்கெனவே ஒரு முழங்காலில் சத்திரசிகிச்சை, மற்றதுக்கு நாள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். ரேட்டோ எறிகிற இடத்தில் வயிறும் வழுக்கையுமாய்ப் பந்தோடு நின்றான்.

பாதி வழியில் இவர் நின்றார். மட்டையைக் குனிந்து புல்லில் வைத்தார். திரும்பிக் கட்டடத்துக்குள்ளே போனார். நாடகத்தில் இதுவும் ஒரு பகுதி என்று நினைத்துக் கூட்டம் சிரித்தது. வெளியே வந்தபோது கையில் முகமூடி. வழியில் நின்ற இன்றைய அணியின் கட்சரிடம் கையுறையை வாங்கிக்கொண்டார். அடிப்பவன் நிற்கிற இடத்தைக் கடந்து அதற்குப் பின்னால் போய், முகமூடியைப் போட்டு, அப்படியே குந்தினார்.

கோயிலில்கூட இவர் கதிரையில்தான் இருப்பார். குந்தவே கூடாது என்று வைத்தியர் எத்தனை தரம் சொல்லியிருக்கிறார்.

கையுறையை நீட்டிக்கொண்டு ரேட்டோவைப் பார்த்தார். இது திட்டத்திலேயே இல்லை, யாராவது தாவாவுக்கு நாடகத்தை ஞாபகப்படுத்துங்கள் என்று அறிவிப்பாளன் பகிடி விட்டான். ரேட்டோ தோளைக் குலுக்கிவிட்டு மெதுவாக எறிந்தான். இவர் பிடித்தார். தலையை ஆட்டி, இன்னும் வேகமாக என்று கையால் காட்டிப் பந்தைத் திருப்பி எறிந்தார். அடுத்த பந்து உண்மையாகவே வேகமாக வந்தது. கையுறையில் அது விழுந்த சத்தம் கடைசி வாங்குவரை கேட்டது. சிலர் கைதட்டினார்கள். இன்னொன்று. பிறகும் ஒன்று. ‘ஓடு தாவா, ஓடு’ என்று அறிவிப்பாளன் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். இரண்டாவது தரம் யாரும் சிரிக்கவில்லை. ஒரு பந்தை ரேட்டோ பழைய மாதிரியே நிலத்தில் குத்தினான். இவர் பழைய மாதிரியே நெஞ்சைக் கொடுத்து மறித்தார். கவசம் இல்லாத நெஞ்சு. வயதானவர்கள் சிலர் எழும்பி நின்று கைதட்டினார்கள். கிழவன் இன்னும் விடுகிறான் இல்லையே என்று எனக்குப் பின்னால் ஒருவர் மெச்சிக்கொண்டார்.

நான் இவருடைய வலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பந்து வராத நேரமெல்லாம் அது நிலத்தை ஊன்றிக்கொண்டிருந்தது. விரல்கள் புல்லைப் பிடித்திருந்தன. ரேட்டோ களைத்துப்போய்ப் பந்தை இறக்கியபோது, இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இவர் கேட்டார். வீரம் காட்டுகிறார் என்று நானூறு சனமும் நினைத்தது. எழும்ப முடியாததால் கேட்கிறார் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. பந்து வந்துகொண்டிருக்கும் வரைக்கும் எழும்பத் தேவையில்லை அல்லவா.

கயிற்றைத் தாண்டி உள்ளே போனேன். இதோ மனைவி பிடித்துக்கொண்டு போக வருகிறார் என்றான் அறிவிப்பாளன். கூட்டத்துக்கு மறுபடி சிரிப்பு வந்துவிட்டது. வேறு நாளாய் இருந்தால் அந்த ஒலிபெருக்கியைப் பிடுங்கி அவன் தலையில் போட்டிருப்பேன். அன்றைக்கு நேரம் இல்லை. இவருக்குப் பின்னால் போய் இரண்டு கக்கத்துக்குள்ளும் கையைக் கொடுத்தேன். தினமும் கிழடுகளைக் கட்டிலிலிருந்து தூக்குகிறவள் நான், எப்படித் தூக்குவதென்று எனக்குத் தெரியும்.

“ஏலுமோ?”

“ஏலாது.”

“மூண்டு சொல்லுறன். பாரத்தை என்னிலை போடுங்கோ.”

தூக்கினேன். எழும்பினார். என் தோளில் சாய்ந்தபடி நின்றார். முகமூடியைக் கழற்றக் கையைக் கொண்டு போனேன்.

“இப்ப கழட்டாதை” என்றார். என்னை எப்போதும் நீர் என்று கதைப்பவர், அன்றைக்கு நீ ஆக்கிவிட்டார். கம்பிகளுக்குப் பின்னால் முகம் முழுக்க நனைந்திருந்தது. கழற்றவில்லை.

வாசல் முதல் பேஸுக்கு அப்பால் இருந்தது. அந்தக் கோட்டோடுதான் நடக்க வேண்டும். தாவா இருபத்தொன்பது வருடம் கழித்து ஓடத் தொடங்கிவிட்டார் என்று ஒலிபெருக்கி சொன்னது. சனம் எழும்பி நின்று கைதட்டியது. இவர் முதல் பேஸை மிதிக்காமல் சுற்றி நடந்தார். கோபிஷா வாங்கிலிருந்து இறங்கி ஓடி வந்தாள். தகப்பனின் மற்றக் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டாள். சிநேகிதிகளைத் திரும்பிப் பார்க்கவில்லை. லெஜண்ட் என்றும் சொல்லவில்லை.

வாசலில் ரேட்டோ மூச்சு வாங்க ஓடி வந்து சேர்ந்தான். அருமை, அற்புதம், நாடகத்தைவிட இது நல்லாய் இருந்தது, சனத்துக்கு நல்லாய்ப் பிடித்துவிட்டது என்றான். கெட்டவன் என்று சொல்லமாட்டேன். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, முகமூடியைத் தந்துவிட்டுப் போகச் சொன்னான், அது அலுமாரியில் இருக்க வேண்டியதாம்.

முதலில் அந்த அட்டையில் இவருடைய பெயரை எழுது, பிறகு வந்து வாங்கிக்கொள் என்று நான் அவனுடைய பாசையிலேயே சொன்னேன். ரேட்டோ உடனே ஒத்துக்கொண்டான். அது நியாயம்தான், எப்பவோ செய்திருக்க வேண்டும், நாளைக்கே செய்விக்கிறேன் என்றான். குறித்துக்கொள்ளத் தொலைபேசியை வெளியே எடுத்தான். விரலை அதன்மேல் வைத்தவன் பெயரைத் தேடி அப்படியே நின்றான். என்னைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். ஒன்பது வருடம் அவன் எறிந்த பந்தையெல்லாம் பிடித்த மனிதரைப் பார்த்தான்.

“தாவா என்று போட்டால் போதும்தானே?” என்று கேட்டான்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் மகளின் தோளிலிருந்து கையை எடுத்தார். முகமூடியைத் தானே கழற்றினார். கண்ணைத் துடைக்கவில்லை, சிரிக்கவுமில்லை. கையை உயர்த்தி, உள்ளங்கையை ரேட்டோவின் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“நோ” என்றார்.

சத்தமாகச் சொல்லவில்லை. முகமூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கள் இருவரையும் பிடித்தபடி, பஸ் தரிப்பை நோக்கித் திரும்பினார். நான் மட்டும் ஒருமுறை பின்னால் பார்த்தேன். ரேட்டோ அதே இடத்தில் அசையாமல் நின்றான்.